ஏழடிக் கட்டிலும் என் சம்பந்தியின் கால்களும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கு தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் நலமும், முக்கியமாகத் தங்கள் இடது முழங்காலின் நலமும் அறிய ஆவல். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றும், தூங்கும்போது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றும் தங்கள் மருமகள், அதாவது என் மகள், போனில் சொன்னாள். மேற்கொண்டு சிகிச்சைக்கு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாதம் வருகிறீர்கள், அது முடியும்வரை எங்களோடுதான் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டு எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் அடக்க முடியாது. அந்த வருகையைத் தயவுசெய்து ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

உடனே தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்ற முறை வந்திருந்தபோது எங்கள் பழைய கட்டிலில், தலைமாட்டுப் பலகைக்கும் கால்மாட்டுப் பலகைக்கும் நடுவே, சின்னப் பெட்டியில் வைத்த பெரிய குடை மாதிரி நீங்கள் கோணலாகப் படுத்திருந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல், ஏதோ அவசர வேலை என்று முன்னதாகவே கிளம்பிவிட்டீர்கள். அப்புறம் யாரோ விசாரித்ததற்குச் சம்பந்தியம்மா, "அவங்க வீட்ல மனசு பெருசுதான், கால் நீட்டத்தான் இடமில்ல" என்று சொன்னார்களாம். சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, அளவு சரியானதுதான். ஆனால் அந்த வார்த்தை நாலு வீடு சுற்றி என் மகள் காதுக்கு வந்துசேர்ந்தபோது கொஞ்சம் கைகால் முளைத்து வந்துசேர்ந்தது. "அப்பா, இந்தத் தடவயும் மாமா கால மடக்கிப் படுத்தாருன்னா, அத்தை நேரா லாட்ஜ்ல ரூம் போட்டுருவாங்க. அப்புறம் நான் அந்த வீட்ல தலை நிமிர்ந்து நடக்கவே முடியாது" என்று அழுதுவிட்டாள். பெண்ணைக் கொடுத்த வீடு இருக்கும்போது சம்பந்தி லாட்ஜில் படுத்தால் ஊர் வாயை யார் மூடுவது? சரி, புதுக் கட்டில் ஒன்று வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டது அங்கேதான்.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். துணிக்கடையில் மீட்டர் கோல் ஒரு நூல் குறைந்தாலும் அபராதம் போட்டவன். அப்பேர்ப்பட்டவன் கடைக்குப் போய் நாடாவை வைத்து அளந்து வாங்கியிருக்க வேண்டும். "ஊர் உலகமே உக்காந்த இடத்துல வாங்குது, நீங்க மட்டும் டேப்பத் தூக்கிட்டுத் திரிவீங்களாக்கும்" என்று வீட்டுக்காரி சொல்லப்போக, போனிலேயே தேடினேன். "அரண்மனைக் கட்டில், நீளம் ஏழடி" என்று ஒன்று கிடைத்தது. படத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் எல்லாரும் அந்தக் கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதற்குமேலும் இடம் மிச்சமிருந்தது. கீழே வாங்கியவர்கள் கருத்து. "அருமை, இன்னும் பிரிக்கவில்லை" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம். "நல்ல துணி, சாயம் போகவில்லை" என்று இன்னொருவர். கட்டிலுக்கு ஏன் சாயம் போகப்போகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். விதி, யோசிக்கவில்லை.

கட்டில் வந்தது. ஒற்றை ஆள் ஒரு தோளில் வைத்துக்கொண்டு, மறு கையால் போன் பேசிக்கொண்டே மாடியேறி வந்தார். தச்சரை வரவழைத்துப் பூட்டி முடித்து அளந்தால் ஐந்தேகால் அடி. இரும்பு டேப்பால் அளந்தேன், துணி டேப்பால் அளந்தேன், ஐந்தேகாலுக்கு மேல் ஒரு இம்மி நகரவில்லை. வீட்டுக்காரியைப் படுக்கச் சொன்னேன், அவளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. அவள் உயரம் தங்களுக்கே தெரியும், அலமாரியில் இரண்டாவது தட்டுக்கே ஸ்டூல் போடுகிறவள். உடனே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசியது.

"சார், நீங்க எப்படி அளந்தீங்க?"

"தலையிலேர்ந்து கால் வரைக்கும்மா. வேற எப்படி அளப்பாங்க?"

"மூலைக்கு மூலை அளந்து பாருங்க சார்."

"மூலைக்கு மூலை யாரும்மா படுப்பாங்க?"

"படுக்கறது கஸ்டமரோட விருப்பம் சார்."

சம்பந்தி, நான் மூலைக்கு மூலையும் அளந்தேன். அதுவும் ஏழடி வரவில்லை! சரிம்மா, திருப்பி எடுத்துக்கோ என்றால், பூட்டின கட்டிலைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பூட்டாம எப்படிம்மா அளக்கறது என்றேன். "நல்ல கேள்வி சார், மேலிடத்துக்கு எழுதறேன்" என்றது அந்தப் பெண். அந்த மேலிடம் எந்த மேலிடமோ, இன்னும் பதில் வரவில்லை. பாவம், அதுக்கும் மாசச் சம்பளம்தானே, அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கட்டில் குட்டையானால் என்ன, மெத்தை நீளமாக இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும் என்று ஏழடி மெத்தை ஒன்று சொன்னேன். அது சுருட்டிக் கட்டி, தலையணை அளவு பொட்டலமாக வந்தது. போச்சுடா, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான் என்று நினைத்துக்கொண்டு சின்ன அறையில் வைத்து உறையைக் கத்தரித்தேன். புஸ் என்று மூச்சு விட்டு எழுந்தது பாருங்கள், எழுந்துகொண்டே இருந்தது. நான் கதவுப் பக்கம் தப்பித்துவிட்டேன், வீட்டுக்காரி பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். "என்னங்க, அளக்கறத அப்புறம் அளங்க, மொதல்ல என்னைய வெளிய எடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அளந்தால் சரியாக ஏழடி! இந்த வயதில் இணையத்தில் நான் கண்ட ஒரே யோக்கியன் அந்த மெத்தைதான். அதை என்ன செய்ய? அந்தக் கட்டிலுக்குக் கால்மாட்டுப் பலகை கிடையாது. ஏழடி மெத்தையை ஐந்தேகால் அடிக் கட்டிலில் போட்டால், நாயின் நாக்கு மாதிரி கீழே தொங்கியது.

தொங்குகிற நாக்குக்கு முட்டுக்கொடுக்க, "தேக்கு, கட்டில் உயரம்" என்று போட்டிருந்த ஸ்டூல் ஒன்று சொன்னேன். அது சட்டைப் பையில் வைக்கிற அளவில் வந்தது. படத்தில் பக்கத்தில் ஒரு செடி இருந்தது உண்மை. அந்தச் செடி எவ்வளவு பெரிய செடி என்று நான் யாரைப் போய்க் கேட்பது? மறுபடி எடுத்துப் படித்தால், தேக்கு என்பது நிறமாம். கட்டில் உயரம் என்பது எந்தக் கட்டில் என்று அவர்கள் சொல்லவில்லை, பொம்மைக் கட்டிலாக இருக்கலாம். அதன்மேல் இப்போது போனைச் சாய்த்து வைக்கிறோம், அதற்கு நன்றாகவே இருக்கிறது.

பின்னால் வாங்குகிறவர்களாவது பிழைக்கட்டும் என்று கட்டிலைப் பற்றி உள்ளது உள்ளபடி ஒரு கருத்து எழுதினேன். "நீளம் ஐந்தேகால் அடி. ஆறடி மனிதர் இதில் படுத்தால் கால் வெளியே நிற்கும்." அதை அவர்கள் கொண்டுபோய் ஒரு பெண்கள் கைப்பையின் கீழே போட்டுவிட்டார்கள். பயனுள்ள கருத்து என்று நாலைந்து பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், உத்தியோகத்தில் இருந்தபோது செய்கிற மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் நேரிலேயே போய் நின்றேன். பெட்டியில் அச்சடித்திருந்த விலாசத்தில் ஒரு பூட்டின ஷட்டரும் ஒரு வாட்ச்மேனும் இருந்தார்கள். "இங்க ஒண்ணும் இல்ல சார், அட்ரஸ் மட்டும்தான் இருக்கு" என்றார் அவர். அவரிடம் என்ன அபராதம் போடுவது? தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஆகவே சம்பந்தி, தச்சரிடமே நல்ல கட்டில் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் கைவேலையை முடிக்க ஒரு மாதம் ஆகும். அதற்குத் தங்கள் உயரம் துல்லியமாக வேண்டும். ஆறடி இரண்டு அங்குலம் என்கிறாள் என் மகள், மூன்று என்கிறார் மாப்பிள்ளை. இருவர் பேச்சையும் நான் ஏற்பதாக இல்லை. தாங்கள் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, சம்பந்தியம்மாவை ஸ்கேலைத் தலைமேல் படுக்கையாக வைக்கச் சொல்லி, கோடு போட்டு அளந்து எழுதவும். அந்தப் பொய்க் கட்டிலைப் பற்றிக் கவலை வேண்டாம். பொய் அளவுள்ள பொருள் என் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது, இன்று காலையில் அதை வேறொரு நல்ல குடும்பத்திடம் முறையாக ஒப்படைத்துவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கி நிமிர்ந்து மாடிப்படி ஏற இறைவன் துணையிருக்கட்டும். குழந்தைகள் எங்கிருந்தாலும் குறைவில்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மீது அளவில்லாத அன்புள்ள
சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதில் சிலவற்றைத் தாங்கள் மறந்துவிட வேண்டியிருக்கிறது. கட்டிலை ஒப்படைத்தேன் என்றேனே, விற்றேன் என்பதே சரி. பழைய சாமான் விற்கிற இணையத்தளம் ஒன்றில் முதலில் எல்லாக் குறையும் சொல்லி, ஐந்தேகால் அடி என்றும் போட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. "இப்படி எழுதினா எமன்கூட வாங்க மாட்டான்" என்று வீட்டுக்காரி கட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு, சோபாவின் குட்டிக் குஷனைத் தலையணையாக வைத்துப் படம் எடுத்தாள். பார்த்தால் அரண்மனை மாதிரியேதான் இருந்தது. நானும் அளவை எடுத்துவிட்டு, "நெட்டையானவரும் நிம்மதியாகப் படுக்கலாம்" என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். மடங்கிப் படுத்தாலும் நிம்மதி நிம்மதிதானே என்று என் மனசுக்குச் சமாதானம். உடனே விற்றுப் போயிற்று. காலையில் வண்டிக்காரர் வந்து எடுத்துப்போனார். இந்தக் கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் அதே வண்டிக்காரர் அதே கட்டிலைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வருகிறார். "சார், கொண்டு சேர்க்கச் சொன்ன அட்ரஸும் இதுதான் சார்" என்கிறார். நான் முழிக்கும்போதே போன். என் மகள்.

"அப்பா, கட்டில் வந்துருச்சா? நீங்க பொலம்பினது கேட்டு மனசே சரியில்லப்பா, அதான் சொல்லாம வாங்கி அனுப்பினேன். இதுல எழுதறது முக்காவாசி பொய்தான், ஆனா இத வித்தவரு ரொம்ப நேர்மையானவர்ப்பா. படிக்கும்போதே தெரிஞ்சுது. அப்படியே நீங்க எழுதற மாதிரியே இருந்துச்சு."

நல்ல நீளமா இருக்கும்மா, மாமாவுக்குத் தாராளம் என்று சொல்லிவிட்டேன். அவள் பணத்தை வேறு வழியில் அவளிடமே சேர்த்துவிடுவேன், அது பெரிய விஷயமில்லை. தாங்கள் வருகையைத் தள்ளிவைக்க வேண்டாம், குறித்த நாளில் வாருங்கள். கட்டிலின் காலடியில் சாப்பாட்டு மேஜை பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மேலே அந்த ஏழடி மெத்தையை விரித்துப் படுத்துப் பார்த்தேன், கால் நன்றாக நீளுகிறது. அவள் போன் செய்து கேட்டால் மட்டும் பெஞ்சைப் பற்றி மூச்சு விடாமல், கட்டில் சரியான அளவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பொய் அளவுக்கு ஆயுள் முழுக்க அபராதம் போட்டவன் கேட்கிறேன், தட்டாதீர்கள்.