மாப்பிள்ளை மேல் விழுந்த வெயில்

படிக்கிற பிள்ளை லீவுக்கு வந்தால் வீட்டுச் சாமான்களுக்கு ஆபத்து. படிப்பு பாதியில் நிற்கும்போது ஆபத்து இரட்டிப்பு. நான் மெட்ராஸில் கட்டட டிராயிங் பாதி படித்திருந்தேன்.

அந்த வயதில் எதைப் பார்த்தாலும் மாற்றி அமைக்கக் கை துறுதுறுக்கும். உட்காரும் மணையை மடக்கி வைக்கிற மாதிரி செய்து பெரியப்பாவை உட்கார வைத்தேன். மணை அவரையும் சேர்த்து மடங்கியது. (அதற்கப்புறம் எங்கள் அகத்துக்கு வந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகம் ரயில் வண்டி மாதிரி நீளம். வெளிச்சம் முற்றத்தோடு திரும்பிப் போய்விடும். கூடத்தில் பட்டப்பகலிலும் அந்திதான். மின்சாரம் அடுத்த வீதி வரை வந்து, எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றிருந்தது. அந்த மாசியில் என் தங்கை அலமேலுவைப் பெண் பார்க்க வந்தவர்கள், 'முகமே சரியாகத் தெரியவில்லை' என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். வைகாசியில் கும்பகோணத்திலிருந்து இன்னொரு வரன். இதுவும் தட்டிப்போனால் அவளுக்கு ராசியில்லை என்று வீதியே கூடித் தீர்ப்பு எழுதிவிடும். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெளிச்சம்தானே, அதை என்னிடம் விடுங்கள் என்றேன். விட்டார்கள்.

பெரியகடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிநேகிதனிடம் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி ஜட்காவில் ஏற்றினேன். மலைக்கோட்டையும் கண்ணாடிக்குள் உட்கார்ந்து எங்களோடு காவிரிப் பாலம் தாண்டி வந்தது. முற்றத்து ஓட்டுக் கூரை மேல் மரச்சட்டம் அடித்து, கண்ணாடி இரண்டு பக்கமும் திரும்பக் கயிறு கட்டினேன். வருகிறவர்கள் புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பதினோரு மணி வெயில் கண்ணாடியில் பட்டுக் கூடத்தில் எங்கே விழுமோ, அங்கே சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். அலமேலு அதில் உட்கார வேண்டியதுதான். முகம் உற்சவர் மாதிரி ஜொலிக்கும். கூரை மேலிருந்து எனக்குக் கூடம் தெரியாது. அதனால் அப்பா ஒருமுறை கனைத்தால் இடது கயிறு, இருமுறை கனைத்தால் வலது கயிறு.

ரயில் தாமதம். அவர்கள் வீதி முனைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். பிள்ளைக்கு அப்பா, ராகு காலத்தில் படியேற மாட்டேன் என்று கோபுரத்து நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். பெருமாளை நம்புகிறவனுக்கு ராகு என்ன கேது என்ன என்று ஊருக்கே உபதேசம் பண்ணும் என் அப்பா, பெண்ணைப் பெற்றவராகி, ஓடிப்போய் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அவர்கள் காத்திருந்தார்கள். சூரியன் காத்திருக்கவில்லை. (பாதிப் படிப்பில் கட்டடம் வரை வந்திருந்தோம், சூரியன் மீதிப் படிப்பில் இருந்திருக்க வேண்டும்.)

ஒன்றரைக்குப் பிறகு எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் கொதிக்கிற ஓட்டின் மேல் அப்பளம் மாதிரி பொரிந்தபடி படுத்திருந்தேன். கண்ணாடியை மூடியிருந்த துணியை உருவினேன். கீழே கனைப்பு. இடது கயிற்றை இழுத்தேன். உடனே இரண்டு கனைப்பு. வலது. அப்புறம் மூன்று, நான்கு என்று சரமாரியாக வந்தது. பிள்ளைக்கு அப்பா பொடி போடுகிறவர், அவர் தொண்டை எப்போதும் கனைத்துக்கொண்டேதான் இருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பதறிப்போய் இரண்டு கயிற்றையும் ஒன்றாக இழுத்தேன். சட்டம் கோணிக்கொண்டு இறுகிவிட்டது. அதன் பிறகு கண்ணாடி அசையவில்லை. கயிறு அறுந்தது. இறங்கி ஓடினேன்.

கூடத்தில் என் வெயில் முழுவதும் பிள்ளை முகத்தில் விழுந்திருந்தது. நாடகமேடை ராஜா மாதிரி தகதகவென்று, வேர்த்து வழிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகரலாமென்றால் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவன் அப்பா. எதிரே சாக்குக்கட்டி வட்டத்துக்குள், நல்ல இருட்டில், சௌகரியமாக அலமேலு. காலகாலமாகப் பெண்ணைத் தலைகுனிய வைத்துப் பார்க்கிற ஊரில், அவள் நிமிர்ந்து அந்தப் பையனை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கவனிக்கப் போகிறார்கள்?

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மெட்ராஸ் படிப்பு முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

பிள்ளைக்கு அப்பா பொறுமை இழந்தார். "என்னடா, பொண்ணைப் பிடிச்சிருக்கா இல்லையா? சொல்லித் தொலை."

கண்ணைத் திறக்காமலே பிள்ளை சொன்னான்: "நான் எங்கே பார்த்தேன்? அவதான் பார்த்துண்டிருக்கா. அவளைக் கேளுங்கோ."

இப்படி ஒரு கேள்வியை எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டதில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். 'தலையாட்டி வை' என்று அலமேலுவிடம் நான் கண்ணால் கெஞ்சினேன்.

கேட்ட கேள்விக்கு அலமேலு பதில் சொன்னாள். "காதுல முடி ஜாஸ்தியா இருக்கு. மத்தபடி பரவால்லை."

எனக்குக் கூரைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. முதலில் சிரித்தது பிள்ளைதான். அப்புறம் அவன் அப்பா, பொடி பறக்கப் பறக்க. ஆனியிலேயே கல்யாணம் நடந்தது.

போன தையில் அலமேலுவின் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணை வரச்சொல்லுங்கோ என்று அவர்கள் கேட்டதுதான் தாமதம், அலமேலு சொன்னாள்: "வருவா. அதுக்கு முன்னாடி பையனைச் சித்த முற்றத்து வெயில்ல வந்து நிக்கச் சொல்லுங்கோ."

பையன் ஒன்றும் புரியாமல் எழுந்து போய் நின்றான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அகத்து மாப்பிள்ளை மட்டும், தன்னையறியாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.