ஐமுந்தி அண்ணனின் துரோகிகள்

இங்கிலீஷ்மேல் ஐமுந்தி அண்ணன் கோபப்பட்டதுபோல் திண்டுக்கல்லில் வேறு யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரனை விரட்டிய தியாகிகள்கூட அவன் பாஷையை இவ்வளவு திட்டியிருக்க மாட்டார்கள்.

பேகம்பூர் பக்கத்தில் ஒரு லாரி செட்டில் அவர் புக்கிங் கிளார்க். அவர் படித்து மனத்தில் நிறுத்திய இங்கிலீஷ் விதி ஒன்றே ஒன்று. ஐ, ஈ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் ஐ முந்தி. சி-க்குப் பின்னால் மட்டும் ஈ முந்தி. "எம்புட்டு அழகான சட்டம் பாரு அப்பு!" என்று லோடு ஏற்றும் எங்களிடம் உருகுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது.

சட்டத்தை மீறும் சொற்கள் அவருக்குத் துரோகிகள். அவற்றின் பட்டியலைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். ஒரு வாத்தியார் சயின்ஸ் புத்தகக் கட்டோடு வந்தார்.

"சயின்ஸ்ல சி-க்குப் பின்னால ஐ முந்துது. இத நான் எழுத மாட்டேன் சார்."

"ஐயா, லாரி கெளம்பப் போகுது!"

"போகட்டும். நீங்கள்லாம் வாத்தியாரா?"

கடைசியில் 'புக்ஸ்' என்று எழுதித்தான் கட்டு ஏறியது.

பரம துரோகி, எடையைக் குறிக்கும் வெயிட். பில் புத்தகத்திலேயே ஈ முந்தி அச்சாகியிருந்தது. நூறு பில்லிலும் சிவப்புப் பேனாவால் ஐயை முன்னால் தள்ளிவிட்டார்.

"யோவ், ஊரே சிரிக்குதுய்யா!" என்று முதலாளி கத்தினார்.

"சட்டம் படிக்காதவன் சிரிக்கத்தான் செய்வான், மொதலாளி."

அவர் கையில் ஒரு மூட்டைகூட ஊர் மாறிப் போனதில்லை. அதனால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து என் முதுகு போயிற்று. இனி மூட்டை தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. "மூட்டைல ஒட்டுற சீட்ட நாளைக்கு என் முன்னால இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுதிக் காட்டு. எழுதிட்டா கிளார்க்கு வேலை. இல்லேன்னா வேற பொழப்பு பாத்துக்க" என்றார் முதலாளி.

கூச்சத்தோடு ஐமுந்தி அண்ணனிடம் போனேன். பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். வெயிட் வந்ததும் அவர் சட்டப்படி ஐயை முன்னால் போட்டார். யாரையும் எதிர்த்துப் பேசாத எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஒங்க சட்டத்துக்கு எம் பொழப்பையா பலி குடுக்கணும்? மொதலாளி எத ரைட்டும்பாரோ அத எழுதுங்க!"

அவர் தாளை இழுத்து, பொய்ச்சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்போல் ஈயை முன்னால் வைத்து எழுதினார்.

"இதான். எழுதிப் பழகு. நான் பாக்க மாட்டேன்." நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் முதலாளி என் சீட்டை இரண்டு தடவை படித்துத் தலையாட்டினார். இப்போது அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. வெயிட் எழுத வேண்டி வரும்போதெல்லாம், அவர் கண்ணில் படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.