கொய்யாச் சிமிழுக்குள் காது மிஷின்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மனைவியும் நலம். பின்னறைச் சுவர் ஒன்றைத் தவிர வீடும் நலம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்து, தாங்களும் சம்பந்தி அம்மாவும் இடுப்பு நோகாமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையையும் என் மகளையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். இல்லை, சொல்ல வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னவள் என் மனைவி. "அந்த டப்பா விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போடுங்க. நாலே வரி. வேற எதையும் உள்ள இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். நானும் நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்பதென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும், எதற்கு என்று சொன்னால் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குள் நாலு வரி தாண்டிவிட்டது பாருங்கள்.

தாங்கள் அறிந்ததுதான், நான் உத்தியோக காலம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, தராசு நேராக நிற்கிறதா, படி சரியாக அளக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு முத்திரை குத்த ஒன்றும் கிடைக்காமல், வீட்டிலிருக்கும் டம்ளர்களையெல்லாம் ஒன்றில் ஊற்றி மற்றொன்றில் அளந்துகொண்டிருந்தேன். "நீங்க ஏதாவது வேலை பாருங்க, இல்லாட்டி நான் வெளிய எங்கயாவது வேலைக்குப் போயிடறேன்" என்றாள் மனைவி. அந்தச் சமயத்தில் கட்டில் கால் கடைகிற ஒருவர் பட்டறையைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய பழைய லேத்தை வாங்கிப் பின்னறையில் பூட்டினேன். மரத்தை அது கவ்விப் பிடித்துச் சுழற்றும், நாம் உளியைக் காட்டினால் போதும், உருண்டையாக வரும். நான் காட்டினேன். காய்ந்த மரம் உளியை அடிக்க வந்தது. மனம் வெறுத்திருந்தபோது, பக்கத்து வீட்டு ஓவர்சியர் கார் நுழைய வழி வேண்டுமென்று தன் கொய்யா மரத்தை வெட்டினார். வெட்டின துண்டுகளைத் தெருவில் போட்டால் திட்டுவார்களே என்று எங்கள் வாசலில் போட்டார். நான் திட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட லேத்தில் மாட்டினேன்.

சம்பந்தி, அந்தச் சுகத்தை எப்படி எழுதுவேன்! உளி பட்டதும் மரம் எதிர்த்தே பேசவில்லை. சீவல் ரிப்பன் மாதிரிச் சுருண்டு தோளைத் தாண்டிப் போய் விழுந்தது. கூடவே மரத்துக்குள்ளிருந்த தண்ணீர் தூறலாகத் தெறித்து என் கண்ணாடி நனைந்தது, சுவர் நனைந்தது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த இவளுடைய புடவைகள் மறுபடியும் நனைந்தன. இவள் ஓடி வந்து, "கூரை ஒழுகுதா?" என்றாள். "இல்ல, மரம் ஒழுகுது" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவைகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போனாள். நான் மூடி போட்ட சிமிழ் ஒன்றைக் கடைந்து முடித்தேன். கச்சிதமான வட்டம். மறுநாள் காலையில் பார்த்தால் முட்டை வடிவத்தில் இருக்கிறது! ஈரமரம் காயும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்குமாம். இத்தனை வருஷம் ஊரிலுள்ள படியையெல்லாம் வட்டமா என்று பார்த்தவன் வீட்டிலேயே வட்டம் நிற்கவில்லை. இரண்டாவது சிமிழை அலமாரியில் வைத்திருந்தேன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 'படார்' என்று வெடித்துப் பிளந்தது. இவள் கையிலிருந்த குழம்பு கரண்டியோடு என் மடியில் விழுந்தது. அதன்பிறகு சீவலையே ஒரு காகிதப் பையில் நிரப்பி, அதற்குள் சிமிழைப் புதைத்து மெதுவாகக் காயவைத்தேன். அப்படிப் பிழைத்து வந்ததுதான், தாங்கள் நாலு பேரும் இங்கே வந்து இறங்கியதும் தங்களுக்குக் கொடுத்த சிமிழ். மூடியை எடுத்தால் 'பொக்' என்று ஒரு சத்தம் வரும். தாங்கள்கூட அதைக் காதருகே வைத்துத் திறந்து திறந்து மூடி, "பிரமாதம் சம்பந்தி, எனக்கே கேக்குது" என்றீர்கள். அன்று மத்தியானம் வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மதிப்பினால்தானே தாங்கள் மத்தியானம் படுக்கப் போகும்போது காது மிஷினைக் கழற்றி அந்தச் சிமிழுக்குள் வைத்தீர்கள். வைத்து மூடி, ஜன்னல் மேடையில் வைத்தீர்கள். அது மேற்கு ஜன்னல் என்பதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. உள்ளே இன்னும் ஈரம் இருந்த மரம். வெயில் பட்டு மெல்லிய மூடி முதலில் சுருங்கி, அடிப்பாகத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தாங்கள் எழுந்து முயன்றீர்கள், நான் முயன்றேன், மாப்பிள்ளை துணியைச் சுற்றித் திருகி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். ஈரத்துணியில் சுற்றி வைக்கலாமென்றால் மிஷினுக்கு ஈரம் ஆகாது. சுத்தியலால் ஒரே போடு போடலாமென்றால் மிஷினுக்கு அதுவும் ஆகாது. இதில் தாங்கள் அதை அணைக்காமல் வைத்துவிட்டதால் உள்ளேயிருந்து 'கீ' என்று ஒரே விசில். ஓவர்சியர் வந்து, "உங்க வீட்ல குக்கரை இறக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தங்களுக்கு மட்டும்தான் அந்தச் சத்தம் கேட்கவில்லை. தாங்கள் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

இதோடு நிறுத்தினால் மனைவி சொன்ன கடிதம் முடிந்தது. ஆனால் பஸ் கிளம்பும்போது தாங்கள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா எல்லாரும் அப்படி என்னதான் பேசினீங்க சம்பந்தி?" என்று கேட்டீர்கள். நான், "சும்மா ஊர்க்கதை" என்றேன். அந்த 'சும்மா' நேற்றிலிருந்து என்னை உட்காரவிடவில்லை. அதனால் எழுதுகிறேன். மனைவி இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறாள்.

முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. சம்பந்தி அம்மாதான் முதலில். "டப்பா மெதுவாவே திறக்கட்டும் அண்ணா, ஒண்ணும் அவசரமில்ல. கல்யாணம் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் நான் ஒரு பேச்சை நடுவுல நிறுத்தாம முடிச்சிருக்கேன்" என்றார்கள். அதற்கு எல்லோரும் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். பிறகு மாப்பிள்ளை குரலைக்கூடத் தாழ்த்தாமல், "நாங்க தனியா வீடு பார்த்துட்டுப் போகலாம்னு இருக்கோம் மாமா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நீங்க சொன்னா கேட்பார்" என்றார்.

"அவருக்கு இப்ப எதுவுமே கேக்காதே" என்றேன்.

"அதான் மாமா நல்ல சமயம்."

நான் என் மகளைப் பார்த்தேன். கோபமாக வந்தது. "அந்த வீட்ல உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"குறையே இல்லப்பா. மாமா மாதிரி மனுஷர் கிடைக்க மாட்டார். ஆனா வீட்ல மெதுவா ஒரு வார்த்தை பேச முடியல. 'எப்ப வருவீங்க'ன்னு இவர்கிட்ட கேட்டா, மாமா 'என்னம்மா?'ங்கறார். 'ஒண்ணுமில்ல மாமா'ன்னா, 'ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு பேரும் சிரிக்கறீங்க?'ங்கறார். சரின்னு கிட்டப் போய்க் கத்திச் சொன்னா, மாடி வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்து 'ஏழு மணிக்கா வர்றார்?'னு கேக்கறாங்க. நாங்க சண்டை போட்டாக்கூட மாமாவுக்கு ஒரு தடவை திருப்பிச் சொல்லணும்ப்பா. திருப்பிச் சொல்றப்ப கோபமே போயிடுது."

"கோபம் போறது நல்லதுதானே" என்றாள் என் மனைவி.

"எனக்குக் கொஞ்ச நேரமாவது கோபமா இருக்கணும்மா" என்றாள் மகள்.

அப்போது தாங்கள் பேப்பரை இறக்கிவிட்டு, "என்ன சம்பந்தி, என்ன சொல்றாங்க?" என்று என்னிடம் கேட்டீர்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தங்கள் காதருகே குனிந்து, "மழை வரும்போல இருக்காம்!" என்று கத்தினேன். "வரட்டும், வரட்டும். நல்லதுதானே!" என்று சொல்லிவிட்டு, தாங்கள் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டீர்கள்.

அந்த நிமிஷம் எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒரு பெரிய மனிதரைக் கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நாற்காலியை எங்கே நகர்த்தலாம் என்பதுபோல அவர் எதிரிலேயே பேசினோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சு முடிந்ததும் என் மகள் எழுந்து வந்து, தங்கள் பக்கத்திலிருந்த விளக்கை இழுத்துப் பேப்பரில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்தாள். "சின்ன எழுத்து அவருக்குத் தெரியாதுப்பா. வீட்ல நான்தான் படிச்சுச் சொல்லுவேன்" என்று என்னிடம் சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத் தாங்கள் பார்க்கவில்லை. விளக்கு வந்ததை மட்டும் பார்த்து, "தேங்க்ஸ்மா" என்றீர்கள்.

சிமிழைத் திறந்த கதை தங்களுக்கே தெரியும். வேறு வழியில்லாமல் அதை மறுபடி லேத்தில் மாட்டி, உள்ளே மிஷின் கடகடவென்று உருள, மூடியின் விளிம்பை ஓரம் ஓரமாகச் சீவினேன். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மூடி ஒரு பக்கம் பறந்தது, மிஷின் இன்னொரு பக்கம் பறந்து சீவல் குவியலுக்குள் போனது. நாங்கள் நாலு பேரும் தவழ்ந்து தேடும்போது, தாங்கள்தான் குனிந்து, முதல் கைப்பிடியிலேயே அதை எடுத்தீர்கள். பேட்டரி மாற்றிக் காதில் போட்டதும் தங்கள் முகம் லேசாக வாடினதை நான் கவனித்தேன். அதில் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறேன்.

சம்பந்தி, தங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகட்டும். பக்கத்துத் தெருவிலேயே போகட்டும். தங்களைப் பிடிக்காமல் அவர்கள் போகவில்லை. அவளுக்குத் தங்கள்மேல் இருக்கிற பாசத்தில் பாதி என்மேல் இருந்தால் எனக்குப் போதும். கோபம் வந்தால் என்மேல் காட்டுங்கள். நான் சும்மா என்று சொன்னது சும்மா இல்லை என்பதைச் சொல்லிவிட்டேன், இன்று தூக்கம் வரும்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும். தாங்கள் இருவரும் குறைவில்லாத உடம்போடும் குறையாத சிரிப்போடும் நெடுநாள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, அவர்கள் எந்த வீட்டில் இருந்தாலும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். கிழிசலுக்கு மன்னிக்கவும். இப்போதுதான் சம்பந்தி அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார்கள். தாங்களே பிள்ளைகளுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பேசி வைத்திருக்கிறீர்களாமே! "வீட்ல எல்லாரும் நாள் பூரா என் காதுல கத்தறாங்க, ரெண்டு நாள் அங்க இருந்தப்பதான் நிம்மதியா இருந்துது" என்றீர்களாமே! மருமகள் மனசு நோகுமே என்று எங்கள் வீட்டில் வைத்துச் சொல்ல வந்தீர்களாம், வாய் வரவில்லையாம், இன்று காலையில் சொல்லிவிட்டீர்களாம். என் மகள், "நாங்களா போனா அது வேற. மாமா எப்படி எங்களைப் போகச் சொல்லலாம்?" என்று ஒரே அழுகையாம். அந்தப் புது வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டாளாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் இங்கே வருகிறாளாம். ஆகவே மேலே 'போகட்டும்' என்று வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து 'போக வேண்டாம்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். முழுவதும் வாங்கிப் படித்தாள். "நாலு வரின்னு சொன்னேன்" என்றாள். பிறகு, "அனுப்புங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணைத்தான் நினைச்சிருக்காங்க, தெரியட்டும்" என்றாள். மகள் தங்குவதற்குப் பின்னறையை இப்போதே காலி செய்யச் சொல்கிறாள். தாங்கள் பேசி வைத்த அந்த வீடு எப்படியும் சும்மாதானே கிடக்கும், அதில் ஒரு லேத் வைக்க இடம் இருக்குமா, மேற்கே ஜன்னல் இல்லாத அறையாக இருக்குமா என்று கேட்டு, உடனே ஒரு வரி எழுதவும்.