ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு லட்சம்

“பூட்டி வைச்ச காசும் கட்டி வைச்ச மாடும்…” என்று உதயரூபனின் மாமனார் ஏதோ சொல்வார். கடைசிப் பாதி மருமகனுக்கு மறந்துபோயிற்று. மறந்த துணிச்சலில்தான் இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், கட்டாரில் உழைத்து மட்டக்களப்பு நாவற்குடாவுக்குத் திரும்பிய கையோடு, இருபது ஐயாயிரம் ரூபாய் நோட்டுகளைப் பழுதான ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்துத் திருகிப் பூட்டினான். வாவியில் மீன்பிடிக்க ஒரு தோணி வாங்க வேண்டும். நீந்தத் தெரியாதவனுக்குத் தோணி எதற்கு என்பது மனைவி சுலோஜனாவின் கட்சி. ஆகவே அவளுக்குத் தெரியாமல்.

விலை இறங்கட்டும், விலை இறங்கட்டும் என்று ஆறு வருஷம் காத்திருந்தான். போன ஞாயிறு அவள் கோயிலுக்குப் போன நேரம் பெட்டியைத் திறந்தான். இருபதும் இருந்தன. கறையான் தொடவில்லை, பூச்சி அரிக்கவில்லை. நோட்டு வெறும் கடதாசியா என்ன, பருத்தியல்லவா! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வாழைச்சேனைக்கு ஓடினான், தோணி விற்கும் உசனாரிடம்.

“ஒரு லட்சம் அந்தக் காலம் தம்பி. இப்ப மூணு லட்சம்,” என்றார் உசனார். “ஒங்கட லட்சத்துக்குத் துடுப்பும் வலையும் தாறன். கரையில நிண்டு வீசுங்க.”

வீட்டில் சுலோஜனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“என்ன, மொகம் கருவாடாக் கிடக்கு?”

இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கொட்டியதோடு பாடமும் நடத்தினான்.

“நாட்டில கனக்க நோட்டு அடிச்சா நோட்டுக்குப் பெறுமதி குறையும் புள்ள. தோணி அதே தோணிதான். காசுதான் இளைச்சுப் போச்சு.”

“தேங்காய் வாங்கிறவளுக்கா சொல்லிக் குடுக்கிறீங்க?”

“இஞ்ச பாரு, அதே நோட்டு…” ஒன்றைத் தூக்கிக் காட்டியவனின் கண், கையெழுத்துக்குப் பக்கத்தில் அச்சிட்ட திகதியில் விழுந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்று. அடுத்ததும் அப்படியே. பத்தொன்பதில் பூட்டிய நோட்டு இருபத்தொன்றில் பிறந்திருந்தது!

“சுலோ, பெட்டியத் திறந்தியா?”

“ஓம். நீங்க வைச்ச கிழமையே.” துருவுவதை அவள் நிறுத்தவில்லை. “சும்மா கிடந்து இளைக்காம ஒண்டரைப் பவுன் எடுத்தன். மறுகா பவுன் ஏறினவுடன பாதிய வித்து, ஒங்கட லட்சத்தத் திருப்பி வைச்சிட்டன்.”

“என்னத்துக்குத் திருப்பி வைச்ச?”

“வெறும் பெட்டியப் பாத்து நீங்க நெஞ்சப் பிடிச்சா, ஆஸ்பத்திரிச் செலவு ஆருக்கு?”

“அப்ப மிச்சப் பவுன்?”

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு காதிலும் தோடு மின்னியது. இத்தனை நாளும் எதிரே இருந்து சோறு தின்றவன் இன்றுதான் பார்த்தான்.

“அதுவும் என்ர காசுதானே!” அவன் நெஞ்சுக்குள் தோணி மறுபடி மிதந்தது.

“இந்த வீடு ஆர்ர?”

மட்டக்களப்பில் எந்தப் புருஷனிடமும் கேட்கக்கூடாத கேள்வி. வீடு அவள் அப்பன் அவளுக்குத் தந்த சீதனம்.

“ஒன்ர,” என்றான் ஈனக்குரலில்.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம என்ர வீட்டுக்க ஒங்கட காசு குடியிருந்திரிக்கி. தோடு அதுக்கு வாடகை.”

உதயரூபன் இருபது நோட்டுகளையும் அவள் கையில் கொடுத்து, பவுன் எடுக்கச் சொன்னான்.