அம்புக்குப் பதில் பாட்டில்

"எல்லார் கடையிலயும் இதே அம்புதான் ஓடுது. அப்புறம் நமக்குன்னு என்ன மரியாதை?" என்றார் மொன்ஸிஃப்.

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஆலிவ் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். எண்ணெயைப் பற்றி எல்லாம் தெரியும். ஆகவே உலகத்தைப் பற்றியும் தெரியும் என்று நம்பினார். வீட்டு முகவரியை ஒருமுறை பதிந்துவிட்டால் ஒரே அழுத்தில் வாங்கலாம், பணம் பிறகு என்று திறந்த ஆலையின் இணையக் கடை, முதல் ஆளாக அவரே பதிந்ததோடு சரி, இரண்டு மாதமாக ஈ ஓட்டியது. இந்த மாதமும் ஆர்டர் ஏறாவிட்டால், அதைக் கட்டிய நூஹாவுக்குச் சீட்டுக் கிழியும். ஏறுவதற்கு அவரே வழியும் கண்டுபிடித்தார்: மவுஸை நகர்த்தினால் அம்பு நகரக் கூடாது; அவர் ஆலை பாட்டில், கவிழ்ந்து ஊற்றுகிற மாதிரி நகர வேண்டும்.

ஜனங்கள் எண்ணெய் வாங்க வருகிறார்கள், அம்பைப் பார்க்க அல்ல என்று நூஹா சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு வியாபாரம் புரியாது மகளே."

பக்கத்தை அலங்கரிக்கும் நிரலில் ஒரே ஒரு வரி. எழுதினாள். அவர் தந்த படம் சுவரொட்டி அளவு. கம்ப்யூட்டர் அதைச் சட்டையே செய்யாமல் பழைய அம்பையே காட்டியது. நகத்தளவுக்குச் சுருக்கினாள். பாட்டில் வந்தது, ஆனால் ஒரு பொத்தானும் அமுங்கவில்லை. அழுத்தும் முனை படத்தின் மேல் மூலையில் இருந்தது. முதலாளி பாட்டிலின் வாயை வைத்து அழுத்தினார். வாய் கீழே இருந்தது. முனையை வாய்க்கு இறக்கினாள்.

இப்போது பொத்தானின் மேல் கொண்டுபோனதும் பாட்டில் மறைந்து ஒரு வெள்ளைக் கை முளைத்தது.

"என் பாட்டில்ல எவன் கை வைக்கிறான்?"

கையையும் எடுத்தாள். அதோடு எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று எவருக்கும் விளங்காமல் போயிற்று. முதலாளிக்கு மட்டும் பரம திருப்தி. தினமும் காலையில் அறைக்குள் உட்கார்ந்து, பாட்டில் ஒழுங்காக ஊற்றுகிறதா என்று 'வாங்கு' பொத்தானை அழுத்தி அழுத்தி ஊற்றிப் பார்த்தார். நூஹா வேறு வேலைக்கு மனுப் போட ஆரம்பித்தாள்.

மாதக் கடைசியில் ஆர்டர் மூன்று மடங்கு.

மொன்ஸிஃப் ஆலை முழுவதையும் முற்றத்துக்கு வரவழைத்தார். மக்ரூத் இனிப்பு, காபி, கால் மணி நேரப் பேச்சு. படித்தவர்களுக்குத் தெரியாதது பாட்டிலுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். யோசனை எல்லாம் தன்னுடையதாக இருக்க, சம்பளத்துக்கு ஒரு பெண் எதற்கு, நாளையிலிருந்து மருமகனே கடையைப் பார்த்துக்கொள்வான் என்றும் முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். வேறு வழியில்லாமல் நூஹாவும் தட்டினாள்.

பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேன் டிரைவர் ஷாத்லி, காபிக் கோப்பையை வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"முதலாளி, கோவிச்சுக்காதீங்க, இந்த மாசம் பூரா நான் இறக்கினது உங்க வீட்டுலதான். மாடிப்படியிலகூட இடமில்ல, இன்னைக்கு வர்றதை எங்க வைக்கிறதுன்னு உங்க வீட்டம்மா கேக்கச் சொன்னாங்க."