பட்டுப்புடவை குடித்த பிராந்தி

குடிக்கிறவர் ஒரு ரகம், குடிக்காதவர் ஒரு ரகம். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள்: பாட்டிலை உடைக்காமல் வைத்துக்கொண்டு, அதன் மதிப்பைச் சொல்லிச் சொல்லியே போதை ஏறுகிறவர். ஆரணியில் அவருக்கு ஜெகநாதன் என்று பெயர். பட்டு வியாபாரி. சொட்டு மது நாக்கில் பட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் புதுச்சேரிக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் இவருக்கு ஒரு பிரெஞ்சு பிராந்தியும், பக்கத்துக் கடை பலராமனுக்கு ஒரு ஒயினும் அன்பளிப்பாகக் கிடைத்தன. அன்று பிடித்தது சனி. ஒயின் பாட்டிலுக்குள்ளேயே முதிரும், பிராந்திக்கு அடைத்த அன்று என்ன வயசோ அதுதான் கடைசிவரைக்கும் என்பது பலராமன் கட்சி. வயசு ஏறாவிட்டால் என்ன, மதிப்பு ஏறுமே, ஒயின் ஒருநாள் புளித்துக் காடியாகும், பிராந்தி கெடுமா என்பது இவர் கட்சி. புடவை விலை கேட்டு வந்தவருக்கும் பிராந்திப் புராணம்தான் கிடைக்கும்.

எழுபத்து நாலில் மறுபடி மதுவிலக்கு வந்ததும், பாட்டிலைத் துணியில் சுற்றி, மனைவி கமலத்தின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் படுக்கவைத்தார். பட்டை ஒரே மடிப்பில் விட்டால் இற்றுப்போகும் அல்லவா? கைப்பழக்கம் சும்மா இருக்குமா? புடவைக்கு மடிப்பு மாற்றும்போதெல்லாம் பாட்டிலையும் சுற்றிய துணியோடு புரட்டிப் போட்டார். படுக்கவேண்டியது ஒயின், நிற்கவேண்டியது பிராந்தி என்று பலராமன் சொன்னதை எதிர்க்கட்சிப் பிரசாரம் என்று தள்ளிவிட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. கல்யாணப் பந்தியில் கமலத்துக்குப் பக்கத்து இலைக்காரர்கள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்த ஜெகநாதனை முறைத்தார்கள். பாவம், இந்தக் குடிகாரனைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா என்ன பாடு படுகிறாளோ! கமலம் அந்த வாடையை அந்துருண்டை வாசனை என்றே நினைத்திருந்தார். ஊர் தன்னையே பார்ப்பதைக் கண்ட ஜெகநாதன், மதிப்பு ஏறிவிட்டது என்று பூரித்துப்போனார்.

எண்பத்து மூன்றில், பழைய பாட்டில் சேர்க்கும் பித்துக்கொண்ட பெங்களூர் நூல் வியாபாரி திருமலை, பிராந்தியைப் பார்த்து மதிப்புச் சொல்ல வந்தார். இத்தனை வருஷ வாய்ச்சவடாலுக்குத் தீர்ப்பு! தோற்றால் பலராமன் முகத்தில் எப்படி விழிப்பது? கடைத்தெருவே கூடியிருக்க, ஜெகநாதன் துணியைப் பிரித்தார்.

பாதி பாட்டில் காலி. படுத்தே கிடந்ததில் கார்க் இற்றுப்போய், பிராந்தி கசிந்து கசிந்து புடவைகளில் ஊறியிருந்தது.

"இத்தினி வருசமா இதையா நான் கட்டிகினு சுத்தினேன்?" என்றார் கமலம்.

திருமலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். பலராமன் தன் ஒயினை வாங்கிவந்த வாரமே வீட்டுக்காரம்மாவோடு குடித்துத் தீர்த்துவிட்டதாகவும், நன்றாகவே இருந்ததாகவும் சொன்னார்.

ஜெகநாதன் முகம் செத்துப்போனது. ஒரு நிமிஷம்தான்.

"முழு பாட்டில் ஊருக்கு நாலு இருக்கும்ங்க. பட்டுல ஊறின அரை பாட்டில் உலகத்துலயே இது ஒண்ணுதான். இனிமேதான் ரேட்டு ஏறும்" என்றார். வேறு கார்க் அடைத்து, பழையபடி படுக்கவைத்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் வீட்டு ஷோகேஸைத் திறந்து, விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்திருக்கும் அந்தப் பீங்கான் கோப்பைகளைப் பாருங்கள். அதில் இதுவரை காபி குடித்தவர் யார்?