கேட்பதற்கு முன் வெட்டிய கிணறு

ஊர்க் கமிட்டிக்குச் செயலாளர் என்று ஒருவனை வைப்பதே, தப்பு நடந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். 1930களில், குளச்சலை அடுத்த எங்கள் கடற்கரை ஊரில், அந்தப் பதவி எனக்கு வந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார், கையெழுத்து நன்றாக இருக்கும். (வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.) இன்றைக்கும் கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

ஊரில் குடிதண்ணீர்க் கிணறு இல்லை. பெண்கள் பக்கத்து ஊரிலிருந்து மணலில் குடம் சுமந்தார்கள், என் மனைவி லூர்து உட்பட. கிணறு கிழக்குத் தெருவிலா, மேற்குத் தெருவிலா என்று கூட்டம் போட்டபோதெல்லாம் அடிதடியில்தான் முடிந்தது. அதனால் கமிட்டிக்காரர்கள் மட்டும் மிக்கேல் மாமா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். ஆச்சரியம், யாரும் கத்தவில்லை. கிழக்குத் தெருக்காரரான மிக்கேல் மாமாவே, "எங்க பக்கம் உப்புத்தண்ணி மக்கா, மேற்கேயே வெட்டுவோம்" என்றார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவர் வாயிலிருந்து அது வந்திருக்காது.

இனி ஊரைக் கேட்பது ஒரு மரியாதைக்குத்தானே என்று நினைத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம், சட்டென்று முடிந்துவிடும். அருமனைப் பக்கமிருந்து வந்த கிணறு வெட்டுகிறவர்களுக்கு முந்தின நாளே இடத்தைக் காட்டி, "பூசை முடிஞ்சதும் தொடங்குங்க" என்று சொல்லியும் வைத்துவிட்டேன். (ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்ததற்குச் பங்குச் சாமியாரிடம் வாங்கிய திட்டு தனி.)

மாதா கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. நான் எழுந்து, "இதுவரை எந்த முடிவும் எடுக்கவில்லை. ஊர் சொல்வதுதான் தீர்ப்பு" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். கிழக்குத் தெரு கத்தியது. தன் தெருக்காரர்களின் முகத்தைப் பார்த்த மிக்கேல் மாமா எல்லாரையும்விடச் சத்தமாக, "கிழக்கேதான் வெட்டணும்!" என்றார். வெயில் ஏறியும் பேச்சு ஓயவில்லை. கிணறு வெட்டுகிறவர்களை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

அப்போது ஒருவர், இடுப்புவரை ஈர மண்ணோடு, கையில் தண்ணீர் நிறைந்த தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்தார்.

"வாத்தியாரே, நீங்க காட்டின இடத்துல இடுப்பளவு வெட்டினதும் தண்ணி கண்டாச்சு. குடிச்சுப் பாருங்க, நல்ல இனிப்பு!"

ஊரே என்னைப் பார்த்தது. (குடித்தேன். தொண்டை வறண்டிருந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.)

பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து எழுந்தாள். "தண்ணி இனிக்குதாண்ணு யாரும் கேக்கல. வெட்டியாச்சுண்ணா, எங்கள எதுக்குக் கூப்பிட்டிய?"

குழியை மூட வேண்டும் என்று ஊர் ஒரே குரலில் தீர்மானித்தது. எங்கள் ஊர் ஒற்றுமையாக எடுத்த முதல் முடிவு அதுதான். மூடியவன் நான். பிறகு கிழக்கே வெட்டினார்கள், உப்பு. லூர்து மேலும் ஒரு வருஷம் குடம் சுமந்தாள். அவள் வாசலில் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும். மறுவருஷம் கூட்டம் கூட்டி, எல்லாரையும் அலுக்கும்வரை பேசவிட்டு, அதே பழைய இடத்தில் வெட்டினோம். யாரும் சண்டை போடவில்லை.

மகள் வளர்ந்து கல்யாணப் பேச்சு வந்தது. அவளை உட்காரவைத்து, "ஒரு பையன் இருக்கான் மக்கா. உனக்குச் சம்மதமாண்ணு நீதான் சொல்லணும்" என்று தாழ்மையாகக் கேட்டேன். (பையன் வீட்டில் ஏற்கெனவே காப்பி குடித்திருந்தேன்.)

அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "யம்மா, அப்பா குழி வெட்டியாச்சா?"

லூர்து என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இடுப்பளவு இருக்கும்."